மசாய் மாரா: ஆகஸ்ட்டில் ‘கிராஸிங்’ பார்க்கப் போகலாமா, வேண்டாமா?

கோவைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வருடம் ஆகஸ்ட் 15 லீவை ஒட்டி கென்யா போகலாம் என்று யோசனை. நான், கணவர், அப்பா (68), அம்மா (63). நான் பள்ளி ஆசிரியை, நினைத்தபோது லீவு கிடைக்காது. மாடு மாதிரி இருக்குமே, அந்த வில்டபீஸ்ட் மான்கள் கூட்டம் கூட்டமாக ஆற்றில் குதித்துக் கடப்பதை (அதுதான் ‘கிராஸிங்’) டிவியில் பார்த்த நாளிலிருந்து அப்பாவுக்கு அதே பேச்சு. ஒரு ஏஜென்ட் ‘ஆகஸ்ட் நடுவில் வாங்க, கிராஸிங் கியாரண்டி’ என்கிறார். மாரா இரண்டு இரவு, நக்குரு ஒரு இரவு, அம்போசெலி ஒரு இரவு, எல்லாம் வேனில். அப்பாவுக்கு முதுகுவலி உண்டு. முதுமலை, கபினி தவிர வேறு காடு பார்த்ததில்லை. இந்தத் திட்டம் சரிப்படுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நைரோபிவாசி:
வேலை நிமித்தமாகப் பல வருடமாக இங்கே இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களை மாராவுக்கு அனுப்பி வைப்பது என் நிரந்தரப் பொறுப்பாகிவிட்டது. அதனால் உரிமையோடு சொல்கிறேன்: கிராஸிங்குக்கு கியாரண்டி கொடுக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மந்தை மழையையும் புதுப்புல்லையும் தேடிப் போகிறது. ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை மாரா நதியின் இரு பக்கமும் மாறி மாறி மேயும். ஒரே மந்தை இன்றைக்கு இந்தப் பக்கம் வரும், நாலு நாளில் திரும்பி அந்தப் பக்கம் போகும். ஒரு வாரம் தினமும் நடக்கும், அடுத்த வாரம் ஒன்றுமே இருக்காது. பத்து வருடமாக ஓட்டுகிற டிரைவருக்கும் அன்றைக்குக் காலையில்தான் தெரியும்.

இரண்டாவது, அந்த ரூட். மாராவிலிருந்து நக்குரு ஐந்தாறு மணி நேரம். நக்குருவிலிருந்து அம்போசெலி கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல். முதுகுவலிக்காரரை வைத்துக்கொண்டு ஐந்து நாளில் மூன்று பார்க் என்றால் அப்பா பார்க்கப்போவது லாரிகளின் பின்பக்கத்தைத்தான்.

மூன்றாவது, பணம். 2024இலிருந்து மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். பேக்கேஜ் விலை மலிவாகத் தெரிந்தால் இது உள்ளடக்கமா என்று முதலில் கேளுங்கள். முன்பு 24 மணி நேரம் செல்லுபடியான டிக்கெட் இப்போது 12 மணி நேரம்தான், காலை 6 முதல் மாலை 6 வரை. கிளம்புகிற நாளில் சாவகாசமாகச் சாப்பிட்டு, போகிற வழியில் ஒரு சுற்று சுற்றலாம் என்று நினைத்தால் இன்னொரு டிக்கெட் ஆகிவிடும்.

லென்ஸ்_மாமா:
நைரோபிவாசி சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் நான் அப்பா கட்சி. அவருக்கு அதைப் பார்க்க ஆசை என்றால் காட்டிவிடுங்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி மரநிழலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார் டிரைவர். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. இருமல் மாதிரி ‘ங்ஹ்... ங்ஹ்...’ என்று ஒரே முனகல், அது நிற்கவே இல்லை. முன்னால் நிற்பது சரிவில் இறங்கும், தண்ணீரை மோந்து பார்க்கும். பக்கத்தில் ஒரு வரிக்குதிரை வந்து நிதானமாகத் தண்ணீர் குடிக்கும். திடீரென்று எதுவோ ஒன்று மிரண்டு திரும்ப, மொத்தக் கூட்டமும் புழுதி கிளப்பிக்கொண்டு மேலே ஓடும். இப்படியே மத்தியானம் வரை. என் மனைவி டப்பாவைத் திறந்து முறுக்கு சாப்பிட ஆரம்பித்த நேரத்தில் ஒன்று குதித்தது. அதற்கப்புறம் யோசனையே கிடையாது. பின்னால் வருவது முன்னால் இருப்பதன் முதுகில் விழுகிறது, குட்டி தாயைத் தேடிக்கொண்டு ஆற்றோடு இழுபடுகிறது, இக்கரை ஏறியது தன் குட்டியைக் காணாமல் திரும்பி மறுபடி தண்ணீரில் இறங்குகிறது. கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். அதை மீறிய ஒன்றை நான் காட்டில் பார்த்ததில்லை.

யாழ்_லண்டன்:
மாமா சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டார். அந்தக் கரையில் எத்தனை வாகனம் நின்றது?

நாங்கள் போனது மாராவை ஒட்டித் தான்சானியாவில் இருக்கிற செரெங்கெட்டிக் காட்டின் வடக்குப் பக்கம், கொகாடென்டே. தான்சானியாவுக்குள்ளும் மாரா நதி ஓடுகிறது, அங்கேயும் இதே கிராஸிங் உண்டு, மாராவை விடச் சனம் குறைவு என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் மாடு தண்ணீரில் கால் வைத்ததும் புதருக்குப் பின்னால் ஒளிந்து நின்ற வாகனமெல்லாம் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் பண்ணிக் கரைக்குப் பாய்ந்தது. எங்கள் சாரதியும்தான். மந்தை இறங்கவேண்டிய இடத்தில் ஜீப் நிற்கிறது, அது பாவம், செங்குத்தான இடத்தால் இறங்கப் பார்த்துச் சறுக்குகிறது. இலங்கையில் யால காட்டில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் நெரிபடுவதைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் ஆபிரிக்காவுக்குப் போனேன், அங்கேயும் அதுதான். 2025 ஜூலையில் அதே பகுதியில் ஆட்கள் வாகனத்தை விட்டு இறங்கி ஆற்றங்கரையில் நின்று மந்தையின் வழியை மறித்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

அப்பாவின் ஆசையைக் குறை சொல்லவில்லை. டிவியில் வருகிற காட்சியில் ஜீப் இல்லை, அவ்வளவுதான்.

லென்ஸ்_மாமா:
வண்டிகள் இருந்தன, மறுக்கவில்லை. நாங்கள் நின்றது ட்ரையாங்கிள் பக்கம். மாரா நதிக்கு மேற்கே இருக்கிற பகுதி. அதன் நிர்வாகம் 2001இலிருந்து தனி அமைப்பிடம் இருக்கிறது. ரேஞ்சர்கள் கண்டிப்பானவர்கள். ஒரு சிங்கத்தையோ சிவிங்கிப்புலியையோ சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது, மற்றவை தள்ளி நின்று முறைக்குக் காத்திருக்க வேண்டும். கிழக்குப் பக்கம் நரோக் கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. விதி அங்கேயும் அதேதான், ஆனால் சேகனானி, தலேக் வாசல்களைச் சுற்றி கேம்ப்புகள் நெருக்கம், சீசனில் நெரிசலும் அங்கேதான் அதிகம். கோவைக்காரி, உங்கள் ஏஜென்ட் போடுகிற கேம்ப் எந்த வாசலுக்குப் பக்கத்தில், வெளியிலா உள்ளேயா என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் புரிந்துகொள்ளலாம்.

காட்டுவழி:
கிராஸிங்கை முதலையின் விருந்து என்று டிவி காட்டுகிறது. கணக்குப் பார்த்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். மாரா நதியில் வருடத்துக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் மூழ்கிச் சாகின்றன என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு. முதலைகள் தின்பது அதில் மிகச் சிறிய பங்கு. பாறுகளும் (பிணந்தின்னிக் கழுகுகள்) மராபு நாரைகளும் தின்பதும் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவுதான். மீன்களும் தின்கின்றன, மிச்சம் ஆற்றிலேயே அழுகிக் கரைகிறது. எலும்பு கரைந்து முடிய ஏழு வருடம் ஆகுமாம், அதுவரை ஆற்றுக்கு அதிலிருந்து பாஸ்பரஸ் போய்க்கொண்டே இருக்கிறது. கிராஸிங் முடிந்த மறுநாள் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் இருக்காது. பாறைக்குப் பாறை கழுகு உட்கார்ந்திருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. நாற்றம் தாங்கவேண்டும்.

என் வோட்டு பிப்ரவரிக்கு. மந்தை வருடம் முழுக்க நகர்கிறது, ஆறு அதில் ஓர் இடம் மட்டுமே. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அது தெற்கே, தான்சானியாவின் ந்டுட்டு சமவெளியில் இருக்கும். பழைய எரிமலைச் சாம்பல் படிந்த மண், புல் குட்டை, ஆனால் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைய, பால் கொடுக்கிற தாய்க்கு அதுதான் தேவை. அதனால் பிரசவம் அங்கே. இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கில் குட்டிகள். விழுந்த குட்டி முன்னங்கால் மடங்கி மூக்கு தரையில் இடிக்கும், எழும், மறுபடி விழும், சில நிமிடத்தில் தாயோடு ஓட ஆரம்பித்துவிடும். ஓடியாக வேண்டும், ஐம்பதடி தள்ளி கழுதைப்புலி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். திறந்த வெளி என்பதால் சிவிங்கிப்புலி துரத்துவதை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்க்கலாம். ந்டுட்டு ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது, அங்கே தடத்தை விட்டு இறங்கி ஓட்ட அனுமதி உண்டு, அதனால் வண்டிகளும் பரவி நிற்கும்.

இன்னொன்று, இந்த மந்தை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1890களில் வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடுகளையும் வில்டபீஸ்டையும் துடைத்துவிட்டது. நம் ஊரில் ஒரு காலத்தில் தொழுவத்தையே காலி செய்த அதே வெக்கை. 1960களின் தொடக்கத்தில் செரெங்கெட்டியில் இருந்தவை மூன்று லட்சம்கூட இல்லை. அங்கே மேய்ச்சல் செய்யும் மசாய் மக்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், காட்டு மிருகத்தை யாரும் தொடவில்லை, ஆனாலும் நோய் அறுந்தது. 1970களின் இறுதிக்குள் பதின்மூன்று லட்சம் ஆகிவிட்டது. அப்பா டிவியில் பார்த்த கூட்டம் மாட்டு டாக்டர்களால் வந்தது.

கோவைக்காரி:
இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வெக்கை நோய் என்றதும் அவருடைய தாத்தா காலத்துக் கதைகளுக்குப் போய்விட்டார், ஒரு மணி நேரம் திரும்பவில்லை. கடைசியில் ‘ஆறு பார்க்காமல் என்ன ஆப்பிரிக்கா’ என்று முடித்துவிட்டார். காட்டுவழி, பிப்ரவரி எனக்கு நடக்காது, பொதுத்தேர்வு நெருங்கும் நேரம். தடுப்பூசி, சாப்பாடு இரண்டையும் பற்றி யாராவது சொல்லுங்களேன். அம்மா சைவம்.

ஊசிமருந்து:
தடுப்பூசிக்கு நான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் பட்டியலில் கென்யா இருக்கிறது. அங்கிருந்து திரும்பும்போது தடுப்பூசி அட்டை இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு, ஆறு நாள் வரை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும், 2016இல் விதி மாறிவிட்டது. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் எல்லோருக்கும் தெரிந்தது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. அறுபது வயதுக்கு மேல் முதல்முறை போடுபவர்களுக்கு, அரிதாக என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களை விட அதிகம். அப்பா, அம்மா இரண்டு பேருமே அந்த வயது. அதனால் ஏஜென்ட் சொன்னார் என்று நேராகப் போய்க் கையை நீட்டாதீர்கள். சர்க்கரை, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு, முட்டை ஒவ்வாமை எல்லாவற்றையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். போடக்கூடாது என்று அவர் முடிவெடுத்தால் விலக்குச் சான்றிதழுக்கு வழி இருக்கிறது, ஆனால் அதை விமான நிலையம் ஏற்குமா என்பதை டிக்கெட் போடும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். மலேரியா மாத்திரையும் வேண்டும். மாரா உயரமான இடம், காலையில் ஸ்வெட்டர் கேட்கும், ஆனால் கொசு இல்லை என்று அர்த்தமில்லை.

சிக்கனம்:
எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நாங்கள் நண்பர்கள் ஜாயினிங் வேனில் (வேறு பயணிகளோடு பகிர்ந்துகொள்ளும் வேன்) போனோம், வாசலுக்கு வெளியே சாதாரண கேம்ப், வெந்நீர் சாயந்திரம் மட்டும். சிங்கம் வண்டி நிழலில் வந்து படுத்தது. ஆயிரம் டாலர் டென்ட்டில் தங்கினவனுக்கும் அதே சிங்கம்தான்!

நைரோபிவாசி:
சிங்கம் அதேதான், முதுகு வேறு. இளவட்டத்துக்கு ஜாயினிங் வேன் தாராளமாகப் போதும். புக் செய்யும்போது ஜன்னல் சீட் எல்லோருக்கும் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் டிரைவ் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் சரி.

அப்பாவுக்கு லேண்ட் குரூசர், அதிலும் டிரைவருக்கு நேர் பின்வரிசை. கடைசி வரிசை பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும், ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்குப் போகும். நைரோபியிலிருந்து மாராவுக்கு ரோட்டில் ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. பள்ளத்தாக்கு வியூபாயிண்ட்டில் டீ, நரோக்கில் சாப்பாடு. அதுவும் நன்றாகத்தான் இருக்கும். முடியாது என்றால் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானம், முக்கால் மணி நேரம். ஆனால் கைப்பையோடு சேர்த்து ஆளுக்கு 15 கிலோ, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஆகாது, மடங்குகிற துணிப்பைதான்.

பாத்ரூம் விஷயம் யாரும் எழுதவில்லை, அம்மாக்கள் முதலில் கேட்பது அதைத்தான். கேம்ப்பில் பிரச்சினை இல்லை. வெளியில் ஆறேழு மணி நேரம் சுற்றும்போது வெட்டவெளிதான். டிரைவர் முதலில் சுற்றிப் பார்த்து, வண்டிக்குப் பின்னால் போகச் சொல்வார். முழங்கால் வலி இருந்தால் கஷ்டம். மதியச் சாப்பாட்டுக்குக் கேம்ப் திரும்பும்படி நாளைப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சைவத்துக்குக் கவலையே வேண்டாம். சப்பாத்தி இந்த ஊர் சாப்பாடாகவே ஆகிவிட்டது, டீயும் பாலூற்றித்தான். பீன்ஸ், கீரை, பருப்பு எல்லாம் கிடைக்கும். முன்கூட்டியே சொன்னால் பெரிய லாட்ஜ்களில் தனியாகவே செய்து தருவார்கள். ஊறுகாய் மட்டும் கொண்டு வாருங்கள். எனக்கும் ஒரு பாட்டில்.

காட்டுவழி:
சிக்கனம் அவர்களுக்கு ஒரு எதிர்வாதம். மாராவைச் சுற்றி இருக்கிற கன்சர்வன்சிகள் (தனியார் வனவிலங்குப் பகுதிகள்) — நாய்போஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் — எல்லாம் மசாய் குடும்பங்களின் பட்டா நிலம். கேம்ப்புகள் குத்தகை கட்டுகின்றன, அந்தப் பணம் மாதாமாதம் நில உரிமையாளர்களுக்குப் போகிறது. படுக்கை எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, வெளி வண்டி உள்ளே வர முடியாது, இரவு டிரைவும் நடைப்பயணமும் அங்கே உண்டு, மாரா ரிசர்வுக்குள் கிடையாது. விலை அதிகம்தான். ஆனால் அந்தக் குத்தகை நின்றால் வேலி வரும், வேலி வந்தால் உங்கள் வேனுக்குக் கீழே படுக்கச் சிங்கம் வராது.

சிக்கனம்:
வாதம் சரி. பர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

யாழ்_லண்டன்:
மசாய் கிராமம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார்கள், தலைக்கு இவ்வளவு டாலர் என்று. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆட்டம், நெருப்பு மூட்டிக் காட்டுவது, கடைசியில் மணிமாலைக் கடை. கேம்ப்பில் இரவில் எங்களைக் கூடாரம் வரை கூட்டிப்போன மசாய்ப் பெடியன் நாலு நிமிட நடையில் மாட்டு விலை, தங்கச்சியின் ஸ்கூல் ஃபீஸ், வறட்சி என்று கதைத்தது அதைவிட எவ்வளவோ மேல்.

லென்ஸ்_மாமா:
கோவைக்காரி, ஒரு யோசனை. நீங்கள் ஆசிரியை என்கிறீர்கள், காலாண்டு லீவில் போனால் என்ன? செப்டம்பர் கடைசி. கட்டணம் அதே 200 டாலர்தான், ஆனால் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைந்திருக்கும், மந்தை பெரும்பாலும் இன்னும் வடக்கிலேயே இருக்கும், கிராஸிங்குக்கும் வாய்ப்பு உண்டு. நக்குரு, அம்போசெலியை வெட்டிவிட்டு மொத்த இரவுகளையும் ட்ரையாங்கிள் பக்கமே போடுங்கள். ஒரே இடத்தில் இருந்தால் ஆறு ஏமாற்றினாலும் நாள் வீணாகாது. வந்த மந்தையைத் தேடிச் சிங்கம் வரும், அதன் மிச்சத்துக்குக் கழுதைப்புலி வரும். டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ரேடியோவில் யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டாம், நாங்கள் காத்திருக்கிற கூட்டம் என்று. அவருக்கும் நிம்மதி. பெரும்பாலான டிரைவர்கள் ஓடுவது பின்சீட்டில் இருக்கிறவர் முறைத்துப் பார்ப்பதால்தான்.

ஆறு மணி நேரம் ஒரே கரையில் உட்கார அப்பாவால் முடியுமா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

கோவைக்காரி:
கேட்டேன். ‘டெஸ்ட் மேட்ச் அஞ்சு நாள் பார்த்தவன்டா நான்’ என்கிறார்.

காலாண்டு லீவு எனக்குத் தோன்றவே இல்லை, மாமா. கணவரும் சரி என்றுவிட்டார். மாரா மட்டும், நாலு இரவு. அப்பாவுக்காக விமானத்தில் போய், விமானத்திலேயே திரும்பலாம் என்று முடிவு. ஏஜென்ட்டிடம் கியாரண்டியை எழுதிக் கொடுங்கள் என்றேன், இன்னும் பதில் இல்லை, வேறு ஆள் பார்க்கிறோம். அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம், ஊசி முடிவானால்தான் டிக்கெட். என்ன கலரில் துணி எடுப்பது? அம்மா இப்போதே கேட்கிறார். கேமரா என் கணவருடையது, 100-400 லென்ஸ், ட்ரைபாட் கொண்டுவரலாமா?

லென்ஸ்_மாமா:
ட்ரைபாடை வீட்டில் வைத்துவிடுங்கள், வண்டிக்குள் விரிக்க இடமில்லை. பீன் பேக் என்று ஒரு துணிப்பை வரும், ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்க்க வேண்டும். காலியாகக் கொண்டு போங்கள், அங்கே கேம்ப் சமையலறையில் அரிசியோ பீன்ஸோ கேட்டு நிரப்பி, கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம். டிரைவர் அசையும்போதெல்லாம் வண்டி ஆடும், அதனால் படம் எடுக்கிற நேரத்தில் எல்லோரும் அப்படியே இருக்கவேண்டும், அம்மா உட்பட. ட்ரோன் எடுத்து வராதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள். பைனாகுலர் ஆளுக்கு ஒன்று, 8x42 போதும். ஒன்றை நாலு பேர் கைமாற்றினால் அங்கேயே சண்டை வரும்.

நைரோபிவாசி:
துணி காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை. கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்ஸி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும், கடித்தால் சுரீர் என்று இருக்கும். காலையில் குளிரும், பத்து மணிக்கு வேர்க்கும், அதனால் கழற்றிப் போடும்படி அடுக்கடுக்காக உடுத்துங்கள். பிளாஸ்டிக் கவர் எதுவும் பெட்டியில் வேண்டாம், கென்யாவில் 2017இலிருந்து தடை. அம்மாவின் முறுக்கு எவர்சில்வர் டப்பாவில் வரட்டும். விசாவுக்குப் பதில் இப்போது ஆன்லைனில் ஈ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி), கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். டாலர் நோட்டு புதிதாக, கிழிசல் இல்லாமல், பழைய வருடத்து நோட்டை இங்கே யாரும் தொடமாட்டார்கள். டிரைவருக்கு டிப்ஸ் ஒரு ஆளுக்கு நாளைக்கு 10 முதல் 15 டாலர் வழக்கம், கடைசி நாள் கையில் கொடுங்கள்.

அப்புறம் அந்த 15 கிலோ. லென்ஸும் பாட்டரியும் ஏறினால் கணவர் துணிக்கு இடமிருக்காது. பெரிய பாக்கெட் வைத்த ஜாக்கெட் ஒன்று போட்டுவரச் சொல்லுங்கள். வில்சனில் பையைத்தான் தராசில் வைப்பார்கள், நான் பார்த்தவரை ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னதில்லை. ஊறுகாய் பாட்டில் மட்டும் அதில் வேண்டாம்.